ரஷ்யச் சிப்பாயின் தொப்பி: போர் விளையாட்டுக்கான சிற்றுருவங்களைத் தேடுதலும் உருமாற்றுதலும்

நெப்போலியன் காலத்து ரஷ்யக் காலாட்படைச் சிப்பாய் எந்த ஆண்டைச் சேர்ந்தவன் என்பதை அவன் தொப்பியே சொல்லிவிடும். 1805-இல் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் நின்ற மஸ்கெட்டியரின் தலையில் உயரமான, நேர்ச்சுவருள்ள கறுப்புத் தொப்பி இருந்தது. பிடரியில் ஒரு சடை தொங்கியது. 1809-க்குப் பிறகு அதே ரெஜிமென்டைச் சேர்ந்தவன் வெண்கயிறு சுற்றிய ‘ஷாகோ’ தொப்பி அணிந்தான், சடை போய்விட்டிருந்தது. 1812 ஜனவரியில் வந்த ஆணையோடு அந்த ஷாகோவின் மேற்பரப்பு நடுவில் குழிந்து, இருபக்க விளிம்புகளும் உயர்ந்து, ‘கீவர்’ என்ற புது வடிவம் பெற்றது. ரஷ்யச் சிற்றுருவங்களை வாங்குவதும், கிடைக்காதவற்றை வேறு நாட்டு உருவங்களிலிருந்து மாற்றிச் செய்வதும் இந்த ஒழுங்கில்தான் நடக்க வேண்டும்: முதலில் ஆண்டு, அடுத்து ரெஜிமென்ட், அதற்கும் அடுத்துதான் சிப்பாய்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நல்ல சான்று டால்ஸ்டாயின் நாவல். டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழுக்கு வந்த அந்த நூலில், தூஷின் என்ற பீரங்கிப்படை கேப்டன் 1805 நவம்பரில் ஷோன்கிராபெர்ன் களத்தில் போரிடுகிறார். போரோடினோ போர் நடப்பதோ 1812 செப்டம்பர் 7-இல். நாவலில் இரண்டுக்கும் இடையே சில நூறு பக்கங்கள். வரலாற்றில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் தொப்பி, தலைமுடி, காலர், முதுகுப்பை எல்லாமே மாறிவிட்டன. ஒரே பெட்டியில் வாங்கிய வீரர்களை இரண்டு களங்களிலும் நிறுத்தினால் ஏதாவது ஒரு களம் பொய்யாகிவிடும்.

விளையாட்டு வளர்ந்த வழி

போர் விளையாட்டு அரண்மனையிலும் படைப்பள்ளியிலும் தொடங்கியது. பிரஷ்யாவைச் சேர்ந்த கெயோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812-இல் தம் விளையாட்டு மேசையை மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு அளித்தார். அவர் மகன் 1824-இல் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளை அச்சிட்டார். அதில் வீரர் உருவங்கள் இல்லை. வரைபடத்தின்மேல் நகரும் சிறு கட்டைகளே படைப்பிரிவுகள். உருவங்கள் வந்தது வேறு வழியில். நியூரம்பெர்க் நகரில் 1839-இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சனின் பட்டறையில் வெள்ளீயக் கலவையில் தட்டையான சிப்பாய்கள் வார்க்கப்பட்டனர். இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை மலிவாக விற்கத் தொடங்கியது. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இத்தகைய பொம்மைச் சிப்பாய்களுக்கு விதிகளை வகுத்தார். கட்டையும் பொம்மையும் அங்கே ஒன்றாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பொழுதுபோக்கைப் பரவலாக்கியது பிளாஸ்டிக். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் சிறு பெட்டிகளில் மென்பிளாஸ்டிக் வீரர்களை விற்றது. நெப்போலியன் காலத் தொகுப்புகளும் பிறகு வந்தன. ஆனால் வாட்டர்லூவை மையமாகக் கொண்ட அந்த வரிசையில் ரஷ்யர் இல்லை. வாட்டர்லூவில் ரஷ்யப் படை போரிடவில்லை என்பதே காரணம். போரோடினோவை மேசையில் காண விரும்பியவர் பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்களைக் கத்தியால் வெட்டி, தொப்பியை மாற்றி, ரஷ்யராக்க வேண்டியிருந்தது. உருமாற்றக் கலை வளர்ந்ததற்கு இந்தத் தட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். இன்று ரஷ்யர் பல அளவுகளில் கிடைக்கிறார்கள். இருந்தும் குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட ரெஜிமென்ட் வேண்டுமென்றால் கத்தியும், பிசைந்து உருக்கொடுக்கும் புட்டியும் இன்னும் தேவைப்படுகின்றன.

சீருடையின் மூன்று காலங்கள்

இத்துறையின் அடிப்படை நூல் அலெக்சாந்தர் விஸ்கோவாத்தவ் தொகுத்தது. ரஷ்யப் படைகளின் உடைகளையும் ஆயுதங்களையும் ஆணைவாரியாக, படங்களுடன் விவரிக்கும் அந்தப் பெருந்தொகுதி 1841 முதல் வெளிவந்தது. அரசாணைகளை அடியொற்றியது என்பது அதன் பலம். ஆணை வந்த நாளும் உடை சிப்பாயின் உடம்புக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதல் காலம் 1802 முதல் 1807 வரை. 1801-இல் கொல்லப்பட்ட ஜார் பாவெல் பிரஷ்யப் பாணி உடைகளைப் புகுத்தியிருந்தார். மகன் முதலாம் அலெக்சாந்தர் அவற்றை மாற்றி, முன்புறம் இரு வரிசைப் பித்தான்களுள்ள, வால்கள் குட்டையான கரும்பச்சைக் கோட்டைக் கொண்டுவந்தார். இக்காலத்தில் காலர், கைமடிப்பு ஆகியவற்றின் நிறம் ‘இன்ஸ்பெக்ஷன்’ எனப்பட்ட நிர்வாக வட்டத்தைப் பொறுத்தது. ஆகவே 1805 படையில் பல நிறக் காலர்களைக் காணலாம். கிரனேடியர்களின் தொப்பியில் கனத்த, புதர் போன்ற தூவி நின்றது. சடை வைக்கும் வழக்கம் 1806 இறுதியில்தான் ஒழிக்கப்பட்டது.

இரண்டாம் காலம் 1807 இறுதி முதல் 1811 வரை. நெப்போலியனோடு செய்துகொண்ட தில்சித் உடன்படிக்கைக்குப் பின் வந்த மாற்றம் இது. வரிசைக் காலாட்படை முழுவதற்கும் காலரும் கைமடிப்பும் சிவப்பாயின. ரெஜிமென்டை அடையாளம் காட்டும் பொறுப்பு தோள்பட்டைப் பட்டிக்கு மாறியது. டிவிஷனின் முதல் ரெஜிமென்டுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு மஞ்சள், நான்காவதற்குச் சிவப்பு ஓரமிட்ட கரும்பச்சை. பட்டியின்மேல் டிவிஷனின் எண். உருளை வடிவ முதுகுப்பையின் இடத்தைச் சதுரமான கறுப்புத் தோல்பை பிடித்தது. 1811-இல் மஸ்கெட்டியர் ரெஜிமென்டுகளின் பெயர் காலாட்படை ரெஜிமென்டு என்று மாறியது. கிரனேடியரின் தடித்த தூவியும் ஒல்லியானது.

மூன்றாம் காலம் 1812-இல் தொடங்குகிறது. கீவர் தொப்பி வந்தது. முன்பு சற்றே திறந்திருந்த காலர் இப்போது கழுத்தை ஒட்டி மூடப்பட்டது. ஆணை ஜனவரியில் வந்தாலும் ஜூனில் நெப்போலியன் எல்லை தாண்டியபோது எல்லா ரெஜிமென்டுகளுக்கும் புதுத் தொப்பி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. எனவே 1812-ஐச் சித்திரிக்கும் மேசையில் சில பட்டாலியன்கள் 1809 ஷாகோவோடும் சில கீவரோடும் நிற்பது பிழையாகாது. 1813, 1814 களங்களில் கீவர்தான் பொருந்தும்.

இம்மூன்று காலங்களையும் ஊடுருவி மாறாமல் நின்ற ஓர் உடை உண்டு. சாயமேற்றாத முரட்டுக் கம்பளியில் தைத்த நீள மேலங்கி அது. வெயில் நாளில் அதைச் சுருட்டி இடத்தோளின்மேல் மாலையாகப் போட்டுக்கொள்வார்கள். குளிரிலும் மழையிலும் அணிந்துகொள்வார்கள். மேலங்கி அணிந்த சிற்றுருவத்தில் கோட்டின் வெட்டும் பித்தான் வரிசையும் மறைந்துவிடும். தெரிவது தலையும் காலரும் தோள்பட்டியும் முதுகுப்பையும் மட்டுமே. உருமாற்றுபவருக்கு இதைவிட வசதியான உடல் வேறில்லை. 1854 கிரிமியப் போரிலும் ரஷ்யர் மேலங்கியோடுதான் போரிட்டனர். அவர்கள் தலையில் 1844-இல் வந்த கூர்முனைத் தோல் ஹெல்மெட் அல்லது விளிம்பில்லாத துணித்தொப்பி இருந்தது. இடைவார் போன்ற நுணுக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டால், தலையை மாற்றி நாற்பது ஆண்டுகளைத் தாண்டலாம்.

எத்தனை வீரர் தேவை

கடைக்குப் போகும் முன் கணக்குப் போட வேண்டும். 1812-இல் ரஷ்ய ரெஜிமென்டுக்கு மூன்று பட்டாலியன்கள். வழக்கமாக முதலாவதும் மூன்றாவதும் களத்துக்குச் செல்ல, இரண்டாவது பின்னால் நின்று ஆள் நிரப்பும். ஒரு பட்டாலியனில் நான்கு கம்பெனிகள்: ஒன்று கிரனேடியர், மூன்று மஸ்கெட்டியர். ஏட்டில் 700 பேருக்கு மேல் இருந்தாலும், அணிவகுத்து நடந்தும் நோயுற்றும் களத்துக்கு வந்து சேரும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும்.

களத்தில் ஒரு பட்டாலியனை 600 பேர் என்று வைத்து, ஒரு சிற்றுருவம் 20 உண்மை வீரர்களைக் குறிக்கும் விதியைப் பின்பற்றினால், பட்டாலியனுக்கு 30 உருவங்கள். இரண்டு பட்டாலியன்களுள்ள ரெஜிமென்டுக்கு 60. அக்காலக் காலாட்படை டிவிஷனில் நான்கு வரிசை ரெஜிமென்டுகளும் யேகர் எனும் இலகுரக ரெஜிமென்டுகள் இரண்டும் இருந்தன. பன்னிரண்டு பட்டாலியன்களுக்கு 360 உருவங்கள் ஆகின்றன. பீரங்கிக் கம்பெனியில் 12 பீரங்கிகள். கனரகக் கம்பெனியில் 12 பவுண்டர்களும் ‘யூனிகார்ன்’ எனப்படும் குறும்பீரங்கிகளும், இலகுரகக் கம்பெனியில் 6 பவுண்டர்களும் சிறிய யூனிகார்ன்களும் இருந்தன. மேசையில் இரண்டு மூன்று பீரங்கி மாதிரிகள் ஒரு கம்பெனியைக் குறித்தால் போதும்.

இந்தக் கணக்கு ஓர் இரண்டாவது முடிவையும் தருகிறது. வேட்டை வீரர் என்ற பொருளில் யேகர் எனப்பட்ட இலகுரகக் காலாட்படைக்கும் வரிசைக் காலாட்படைக்கும் கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு நிறத்தில்தான் இருந்தது. வரிசை வீரனின் குறுக்குவார் வெள்ளை, யேகரின் வார் கறுப்பு. வரிசை வீரனின் காலர் சிவப்பு, யேகரின் காலர் சிவப்பு ஓரமிட்ட கரும்பச்சை. தூவியில்லாத, குஞ்சம் மட்டும் வைத்த கீவர் அணிந்த ஒரே வார்ப்பு, வண்ணத்தைப் பொறுத்து இருவரில் யாராகவும் ஆகலாம். கத்தியே தொடாமல் தூரிகையால் மட்டும் செய்யும் உருமாற்றம் இது. 360 பேரில் பெரும்பகுதியை ஒரே வகைப் பெட்டிகளிலிருந்து எடுத்துவிடலாம்.

தேடுதலும் வாங்குதலும்

அடுத்த முடிவு அளவு. 1/72 அளவில் 175 செ.மீ. உயர மனிதன் சுமார் 24 மி.மீ. நிற்பான். 28 மி.மீ. எனப்படும் அளவு அதைவிடப் பெரியது. முகமும் பித்தானும் தெளிவாகத் தெரியும், உருமாற்றத்துக்கு ஏற்றது. 15 மி.மீ., 6 மி.மீ. அளவுகளில் பெரும்படைகளைச் சிறு மேசையில் அடுக்கலாம், ஆனால் தனி வீரனின் தொப்பியை மாற்றுவதில் பயன் குறைவு. 28 மி.மீ. என்ற எண்ணை நம்பி இரு நிறுவனங்களின் உருவங்களைக் கலப்பது ஆபத்து. சிலர் பாதத்திலிருந்து கண் வரையும், சிலர் உச்சந்தலை வரையும் அளக்கிறார்கள். உடல் ஒத்துப்போனாலும் தலையும் துப்பாக்கியும் ஒன்றில் பருத்தும் மற்றொன்றில் மெலிந்தும் இருக்கும். எந்த வரிசையானாலும் முதலில் ஒரு பெட்டியோ ஒரு சிறு பொட்டலமோ வாங்கி, ஏற்கனவே கையிலுள்ள வீரனின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே பட்டாலியன் கணக்கில் வாங்க வேண்டும்.

பொருள் மூன்று வகை. முதலாவது மென்பிளாஸ்டிக். 1/72 அளவில் ஹேட் நிறுவனம் நெப்போலியன் கால ரஷ்யரையும், ஸ்த்ரெலெட்ஸ் கிரிமியப் போர் ரஷ்யரையும் விரிவாகத் தந்திருக்கின்றன. விலை குறைவு, ஒரு பெட்டியில் பல உருவங்கள். மென்பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது. வளைந்தால் வண்ணம் உதிரும். இரண்டாவது பாலிஸ்டைரீன் எனும் கடினப் பிளாஸ்டிக். நாட்டிங்ஹாம் பகுதியிலிருந்து இயங்கும் பெர்ரி மினியேச்சர்ஸ், வார்லார்ட் கேம்ஸ் ஆகிய இரண்டும் 28 மி.மீ. அளவில் ரஷ்யக் காலாட்படையைத் தருகின்றன. இவ்வகைப் பெட்டிகளில் பாகங்கள் வார்ப்புச் சட்டத்தில் தனித்தனியே இருப்பதால் மிஞ்சும் தலைகளும் கைகளும் உருமாற்றத்துக்குச் சேமிப்பாகின்றன. மூன்றாவது உலோகம். வெள்ளீயமும் பிற உலோகங்களும் கலந்த வார்ப்பில் நுணுக்கம் நன்றாக வரும். அதிகாரி, முரசறைவோன், கொடி ஏந்துவோன் போன்ற தனி உருவங்களை உலோகத்தில் தேடுவது நல்லது.

ரஷ்யாவின் லோப்னியா நகரிலுள்ள ஸ்வெஸ்தா நிறுவனம் 1/72 அளவில் தன் நாட்டுக் காலாட்படை, பீரங்கிப்படை, மார்புக்கவசக் குதிரைப்படை ஆகியவற்றைச் சிறப்பாகச் செய்தது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் தம் செயல்பாட்டை நிறுத்திய பிறகு அங்கிருந்து நேரடியாக வாங்குவது கடினமாயிற்று. வெளிநாட்டுக் கடைகளில் தேங்கிய பெட்டிகளும், சேகரிப்பாளர் விற்கும் பழைய தொகுப்புகளுமே இப்போது பலருக்கு வழி.

பழையதை வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. ஈயம் அதிகம் கலந்த பழைய வார்ப்புகள், ஓக் போன்ற அமிலம் கசியும் மரப்பெட்டியில் அடைபட்டுக் கிடந்தால் வெண்பொடியாக அரிக்கும். அந்தப் பொடி நச்சு. அரித்த உருவத்தை மற்றவற்றோடு வைக்காமல், கையுறை அணிந்து தனியே எடுத்துவைக்க வேண்டும். ஈய வார்ப்பை அராவும்போது தூளை ஊதக்கூடாது; ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கையைக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

முப்பரிமாண அச்சு இன்று இன்னொரு வாசல். வடிவமைப்பாளர் விற்கும் கணினிக் கோப்பை வாங்கி, ரெசின் அச்சுப்பொறியில் தேவையான அளவில் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பாகத் தலைகள், முதுகுப்பைகள், பீரங்கிச் சக்கரங்கள் ஆகியவற்றுக்கு இது மிகவும் பயன்படுகிறது. ஒரு சிற்பியின் உருவத்தைச் சிலிக்கோன் அச்செடுத்து நகல் வார்ப்பது முற்றிலும் வேறு செயல். அது அவர் உழைப்பைத் திருடுவது. சிறு பட்டறைகளே நிறைந்த இந்தத் துறையில் நகல் ஒவ்வொன்றும் அடுத்த தொகுப்பு வெளிவராமல் தடுக்கிறது.

உருமாற்றம்: பிரஷ்யனிலிருந்து ரஷ்யன்

எந்த நாட்டு உடல் ரஷ்யனாக எளிதில் மாறும் என்பதைக் கோட்டின் முன்புறம் தீர்மானிக்கிறது. பிரெஞ்சு வீரனின் பழைய கோட்டில் மார்பை மூடும் வெண்பட்டையும் வயிற்றருகே வெட்டி விலகிய ஓரமும் உண்டு. அதை அராவி மூட அதிக உழைப்பு தேவை. பிரிட்டிஷ் வீரனுக்கு ஒற்றை வரிசைப் பித்தானும் குறுக்குச் சரிகைக் கோடுகளும். 1813 காலப் பிரஷ்ய வீரன் அணிந்தது இரு வரிசைப் பித்தானுள்ள குட்டைக் கோட்டு. சுருட்டிய மேலங்கியும் தோளின் குறுக்கே கிடக்கும். மலிவாகக் கிடைக்கும் பிரஷ்ய உடல்களே ரஷ்யனுக்கு மிக அருகில் நிற்கின்றன.

தேவையான கருவிகள் சிலவே. கூரான கத்தி, மெல்லிய அரம், உப்புத்தாள், கையால் திருகும் துளைப்பான், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய பித்தளைக் கம்பி, பசை, புட்டி. கடினப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பிளாஸ்டிக் சிமெண்ட் ஒருவகை. உலோகத்துக்கும் ரெசினுக்கும் ஃபெவிகுயிக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை. புட்டியில் ‘கிரீன் ஸ்டஃப்’ புகழ்பெற்றது. எம்-சீல் போலவே இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைய வேண்டும். நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகும். மஞ்சள் கூடினால் நீண்ட நேரம் மென்மையாக இருக்கும், நீலம் கூடினால் கெட்டியாக இறுகும். விரலிலும் கருவியிலும் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. முழுதாக இறுக ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும்.

தலைமாற்றம் இவ்வாறு நடக்கிறது. பிரஷ்யத் தலையைக் காலரின் மேல்விளிம்பை ஒட்டிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். காலர் சிதையக்கூடாது, ரஷ்யச் சிவப்புக் காலருக்கு அந்த விளிம்பே வரப்பு. கழுத்துக் குழியின் நடுவில் துளையிட்டு, நான்கைந்து மில்லிமீட்டர் கம்பியைப் பசையோடு நட வேண்டும். கீவர் அணிந்த தனித் தலையின் அடியிலும் அதே துளை. ஒட்டும் முன் தலையைச் சற்றே பக்கம் திருப்பிப் பார்க்கலாம். முப்பது பேரும் ஒரே திசையில் விறைத்திருந்தால் படை உயிரற்றுப்போகும். இடைவெளியைச் சிறு புட்டி உருண்டையால் நிரப்பி, ஈர ஊசியால் கழுத்துத் துணியாக வழிக்க வேண்டும். முதுகுப்பையைக் கறுப்பாக்கி, அதன் பின்புறத்தில் ரஷ்யருக்கே உரிய தகரத் தண்ணீர்க் குடுவையைச் சேர்க்க வேண்டும். 2 மி.மீ. பிளாஸ்டிக் குச்சியின் துண்டை ஒருபுறம் தட்டையாக அராவி ஒட்டி, மேலே புட்டி இழையால் வாரிட்டால் குடுவை தயார்.

தனித் தலை கிடைக்காதபோது நேர்ச்சுவர் ஷாகோவிலிருந்தே கீவரைச் செய்யலாம். முதலில் வட்ட அரத்தால் மேற்பரப்பின் நடுவே, முன்னிருந்து பின்னாக, ஆழமில்லாத பள்ளம் இட வேண்டும். பின் இடவல விளிம்புகளில் மயிரிழைப் புட்டியை வைத்து, வெளிப்புறமாக லேசாக விரிவதுபோல் உயர்த்த வேண்டும். உண்மைத் தொப்பியில் மூன்று செ.மீ. உயர்வு, 1/60 அளவில் அரை மில்லிமீட்டர்தான். மிகைப்படுத்தினால் கோமாளித் தொப்பியாகிவிடும். அரைகுறையாக இறுகிய நிலையில் ஈரக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒருமுறை வழித்தால் விளிம்பு கூர்மை பெறும். வெண்கயிற்றுக்கு, வீட்டு மின்வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் இரண்டை முறுக்கி, தொப்பியின் முன்பக்கம் தொய்வாக வளைத்து, வலப்பக்கம் தொங்கவிட்டு ஒட்டலாம். வண்ணம் பூசிய பின் அந்த முறுக்கே பின்னல் கயிறாகத் தெரியும். கிரனேடியருக்கு மட்டும் கம்பியில் புட்டி பூசிய உயரமான, மெல்லிய கறுப்புத் தூவி. மற்றவருக்குச் சிறு குஞ்சம் போதும்.

1805 ரஷ்யர் வேண்டுமென்றால் திசை மாறும். நேர்ச்சுவர் ஷாகோவில் கயிறு இருந்தால் அராவி எடுத்து, பிடரியில் புட்டி இழையால் சடை செய்து கோட்டின் முதுகில் படியவிட வேண்டும். முதுகுப்பை உருளை வடிவமாக வேண்டும். சிறிய இந்தச் சடையை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாயிருந்தும் ஆஸ்டர்லிட்ஸ் வீரன் ஆஸ்டர்லிட்ஸுக்கு வந்துசேர மாட்டான்.

டான் கசாக்கியருக்குத் தனிக் கவனம் தேவை. ‘அத்தமான்’ எனப்பட்ட தம் தலைவர் பிளாத்தவின்கீழ் பின்வாங்கும் பிரெஞ்சுப் படையை விடாமல் துரத்தியவர்கள் இவர்கள். வேறு நாட்டு ஈட்டிக் குதிரைவீரனை மாற்றும்போது ஈட்டியின் கொடியை அகற்ற வேண்டும். குதிமுள்ளையும் அராவி எடுக்க வேண்டும். கசாக்கியன் குதிமுள்ளுக்குப் பதில் ‘நகாய்க்கா’ என்ற தோல்சாட்டையால் குதிரையை ஓட்டினான். செம்பு இழையொன்றை மணிக்கட்டிலிருந்து தொங்கவிட்டால் சாட்டை ஆகும். அகன்ற சராயைப் புட்டியால் பருமனாக்கலாம். பெரிய கனரகக் குதிரைகளை அவனுக்குத் தரக்கூடாது. சிறிய, உறுதியான குதிரையே பொருந்தும்.

1812-இல் திரட்டப்பட்ட ‘ஒப்பல்செனியே’ எனும் மக்கள்படை உருமாற்றத்துக்கு வளமான களம். பண்ணையடிமைகளான குடியானவர்கள் சாம்பல்நிற நீளக் கஃப்தானும், சிலுவையும் ஜாரின் முத்திரை எழுத்தும் பொறித்த பித்தளைச் சின்னம் வைத்த தொப்பியும் அணிந்தார்கள், தாடியை மழிக்கவில்லை, பலர் கையில் ஈட்டியும் கோடரியும் மட்டுமே. மேலங்கி அணிந்த எந்த மிச்ச உடலும் இதற்கு உதவும். வார்களையும் தோட்டாப்பெட்டியையும் அராவி, இடையில் துணிக்கச்சை கட்டி, முகத்தில் புட்டித் தாடி வைத்து, துப்பாக்கியின் இடத்தில் கம்பி ஈட்டியைத் தரலாம்.

வண்ணம்

ரஷ்யக் கரும்பச்சை கிட்டத்தட்டக் கறுப்பு. கடைகளில் விற்கும் புல்பச்சையைப் பூசினால் படை முழுதும் விளையாட்டுப் பொம்மையாகத் தோன்றும். கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்புக் கலந்த பச்சை, மடிப்புகளின் முகட்டில் மட்டும் சற்றுத் தெளிந்த பச்சை. வெள்ளை வார்களுக்கு முதலில் வெளிர்சாம்பல், பிறகு நடுவில் வெள்ளை. துப்பாக்கி வாருக்குச் செம்பழுப்பு. பீரங்கி வண்டிகளின் மரம் பச்சை, இரும்புப் பட்டைகள் கறுப்பு. பீரங்கிப்படை வீரரின் காலர் சிவப்பு ஓரமிட்ட கறுப்பு.

மேலங்கிக்கு ஒரே நிறம் இல்லை. சாயமில்லாக் கம்பளி ஆட்டுக்கு ஆடு மாறும். மழையும் வெயிலும் மேலும் மாற்றும். ஒரு பட்டாலியனுக்குச் சாம்பல், பழுப்பு, இரண்டுக்கும் நடுவான நிறம் என மூன்று கலவைகளைத் தயாரித்து, வரிசை பார்க்காமல் கலந்து பூசுவது சரியான வழி. தோள்பட்டி மட்டும் எல்லோருக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கந்தலிலும் ரெஜிமென்டைக் காட்டியது அதுதான்.

உதித்ஸாவில் நிற்பவர்கள்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்கும் களம் போரோடினோவின் தென்முனையிலுள்ள உதித்ஸா. ரஷ்ய ஜெனரல் தூச்கவின் மூன்றாம் கோர் (படைத்தொகுதி) அங்கே நின்றது. மாஸ்கோ மக்கள்படையும் அப்பகுதியில் நிறுத்தப்பட்டது. கோரைச் சேர்ந்த முதல் கிரனேடியர் டிவிஷனில் பாவ்லவ்ஸ்க் ரெஜிமென்ட் இருந்தது. கீவரும், அது வந்துசேராத ரெஜிமென்டுகளின் பழைய ஷாகோவும், குடியானவனின் தாடியும் ஒரே மேசையில் நியாயமாகச் சந்திக்கும் இடம் இது.

பாவ்லவ்ஸ்க் வீரரின் தலையில் மட்டும் இவை எதுவும் இல்லை. மற்றவர் கைவிட்ட பழைய கூர்முடித் தொப்பியை அவர்கள் அணிந்தார்கள். அதன் முன்பக்கம் முழுதும் பித்தளைத் தகடு. 1807 ஜூன் 14-இல் பிரீட்லாந்து போரில் அவர்கள் காட்டிய தீரத்துக்காக, அத்தொப்பிகளைப் போரில் இருந்த நிலையிலேயே வைத்துக்கொள்ள 1808-இல் ஜார் உத்தரவிட்டார். குண்டு துளைத்த ஓட்டைகள் அடைக்கப்படவில்லை. அணிந்திருந்த சிப்பாயின் பெயர் தகட்டில் பொறிக்கப்பட்டது. 1813-இல் ரெஜிமென்ட் காவற்படையின் தகுதி பெற்றது. கூர்முடித் தலைகள் பல அளவுகளில் கிடைக்கின்றன. கிடைக்காதபோது கனமில்லாத அலுமினியத் தகட்டை வளைத்து, பின்புறம் புட்டியால் துணிப்பகுதியைச் செய்யலாம்.

பித்தளை நிறம் காய்ந்த பிறகு இந்த உருவத்தில் ஒரு வேலை மிச்சமிருக்கும். தையல் ஊசியின் முனையைத் தகட்டில் வைத்து, மெல்லத் திருகி, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு எனத் துளையிட வேண்டும். பலருக்கு ஒன்றுமே வேண்டாம். துளையின் உள்ளே ஒரு சொட்டுக் கறுப்பு. கையெட்டும் தொலைவில் மேசையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. உருவத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அவன் 1807-இல் எங்கே நின்றான் என்பதும், 1812-இல் ஏன் மற்றவரைப் போல் கீவர் அணியவில்லை என்பதும் அந்தத் துளையில் தெரியும்.